வீதியோரக் கண்ணைப் படைத்த ஓட்டவீரர்
மவுஸ் கட்சோனிடிஸ் (1911 – 1998)

புலம்பெயர்ந்த நாடுகளில் வாகனம் ஓட்டிப் பிழைக்கும் எம்மவருள் அந்தக் கடிதத்தைப் பெறாதவர் மிகச் சிலரே. நாள், நேரம், வீதியின் பெயர், வாகன இலக்கம், அனுமதிக்கப்பட்ட வேகம், ஓடிய வேகம் எனக் கட்டங்கட்டமாக அச்சிடப்பட்ட கடிதம் அது. மொழி விளங்காவிட்டாலும் தண்டப்பணத்தின் தொகை விளங்கிவிடும். அதிகாலையில் பத்திரிகை போடவும், இரவில் உணவகத்துப் பொதிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் கார் ஓடுபவருக்கு அத்தொகை பல நாள் உழைப்பாக இருக்கலாம். சாரதி அனுமதிப் பத்திரமே பறிபோனால் தொழிலும் அதனுடன் போய்விடும்.

இக்கடிதத்துக்குக் காரணமான கருவியை உலகுக்குத் தந்தவர் பொலிஸ் அதிகாரியல்லர், நீதிபதியுமல்லர். தம் காலத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த விரைவோட்டச் சாரதிகளுள் ஒருவராக மதிக்கப்பட்டவர். தாம் இன்னும் விரைவாக ஓடவேண்டும் என்பதற்காகவே அவர் அக்கருவியை முதலிற் செய்தார். அவருடைய வாழ்க்கையை இங்கு சொல்ல முற்படுவதற்கு இந்த விநோதம் மட்டும் காரணமன்று. அவர் விட்டுச்சென்ற பெட்டி உயிர்களைக் காக்கின்றதா, அன்றிச் சாரதிகளைத் தடுமாற வைத்து ஆபத்தைக் கூட்டுகின்றதா என்ற வழக்கு இன்றும் நாடுதோறும் நடைபெற்று வருகின்றது. அவ்வழக்கின் இருபக்க நியாயமும் அவர் வாழ்க்கைக்குள்ளேயே அடங்கியிருப்பதாக நாம் கருதுகின்றோம்.

மவுஸ் கட்சோனிடிஸ் 1911 ஆம் ஆண்டு பெப்ரவரி 14 ஆம் நாள் பிறந்தார். பிறந்த இடம் ஒல்லாந்து அன்று. ஒல்லாந்தரின் ஆட்சியில் அப்போதிருந்த ஜாவாத் தீவின் நடுப்பகுதியிலுள்ள கொம்போங் என்னும் ஊர். இன்று அது இந்தோனேசியாவுக்குரியது. ஒல்லாந்தர் ஆண்ட கடலோர நாட்டிலிருந்து வந்த எமக்கு, கீழைத்தேயக் குடியேற்ற நாடொன்றிற் பிறந்து வடகடலோரத்துச் சமதரை நாட்டில் வாழ்வை அமைத்துக்கொண்ட ஒருவரின் கதை முற்றிலும் அந்நியமானதன்று. எனினும் அவர் ஆளும் இனத்தவராகப் போனார். எம்மவர் அகதிகளாகப் போயினர். அந்த வேறுபாட்டை மறைப்பதற்கில்லை.

மலைகளற்ற அந்த நாட்டிலிருந்து மலைப்பாதை ஓட்டங்களில் வெற்றி கொள்ளும் ஒருவர் தோன்றியது வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே அவர் மோட்டார்ப் போட்டிகளில் இறங்கிவிட்டார். போர் முடிந்ததும், ஓடுவதோடு அமையாது, தாமே கார்களைச் செய்து விற்கவும் துணிந்தார். போர்ட் நிறுவனத்தின் இயந்திரங்களைப் பொருத்தி அவர் கட்டிய கார்களுக்கு முதலில் கட்போர்ட் என்று பெயரிட்டார். போர்ட் நிறுவனம் அப்பெயரை ஆட்சேபித்தமையால் அது கட்சோ என்றாயிற்று. காற்றை வெட்டிச் செல்லும் உடலும், போர்விமானத்தின் சாரதிக் கூண்டை ஒத்த வளைந்த கண்ணாடி மேற்கூரையும் கொண்ட அக்கார்கள் பார்ப்போரைக் கவர்ந்தன. ஆயினும் போரால் நொந்திருந்த நாட்டில் அவற்றை வாங்குவோர் மிகச் சிலரே. கைவிரல் விட்டு எண்ணத்தக்க சில கார்களோடு அத்தொழில் நின்றுபோயிற்று. கட்சோ என்ற பெயர் மாத்திரம் அழியாது, வேறொரு பொருளின் பெயராக உலகெங்கும் பரவக் காத்திருந்தது.

அவருக்குப் புகழ் தேடித்தந்தது மொன்ரே கார்லோப் போட்டி. இது ஏனைய ஓட்டப்பந்தயங்களைப் போன்றதன்று. நடுமாரியில், ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து தனித்தனியே புறப்படும் கார்கள் பனியையும் உறைபனியையும் கடந்து இரவுபகலாக ஓடி மத்தியதரைக் கடலோரத்திலுள்ள மொனாக்கோவை வந்தடையவேண்டும். 1950 இல் ஹம்பர் என்னும் பாரமான பிரித்தானியக் காரை ஓட்டி அவர் இரண்டாம் இடம் பெற்றார். 1953 இல் பீற்றர் வேர்லெட்ஜ் என்னும் துணைவருடன், போர்ட் செபிர் என்ற சாதாரண குடும்பக் காரில் வந்து முதலிடத்தை வென்றார். ஜாகுவார் காரில் வந்த இயன் அப்பிள்யார்ட் விநாடிக் கணக்கிலேயே பின்தங்கி இரண்டாமவரானார்.

அவ்வெற்றி எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்பதை வாசகர்கள் கருத்திற் கொள்ளவேண்டும். இறுதிச் சோதனை நீஸ் நகருக்கு மேலேயுள்ள கொல் து புறோஸ் மலைக்கணவாயின் வளைவுகளில் நடந்தது. அங்கு வென்றவர் எல்லோரிலும் விரைவாக ஓடியவர் அல்லர். ஒரே சீரான சராசரி வேகத்தை மலைமீது ஏறும்போதும் இறங்கும்போதும் பிசகாது காத்தவரே வென்றார். முந்தி வந்தாலும் புள்ளி குறையும். பிந்தி வந்தாலும் குறையும். மணிக்கூட்டையும் வீதியையும் ஒருங்கே வாசிக்கும் வித்தை அது. கட்சோனிடிஸ் அதில் வல்லவராயிருந்தார்.

வேகத்தை அளப்பதில் அவருக்கிருந்த வேட்கையின் மூலமும் இதுவே. ஒரு வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைந்தோம், எந்த வேகத்தில் வெளியேறினோம் என்பதைச் சாரதியின் உணர்வு சரியாகச் சொல்வதில்லை. காரிலுள்ள வேகமானியும் அக்காலத்தில் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. ஆகவே அவர் வீதிக்குக் குறுக்கே, குறித்த இடைத்தூரத்தில், இரண்டு இறப்பர்க் குழாய்களை விரித்தார். முன்சில்லு முதற் குழாயை மிதித்ததும் உள்ளிருந்த காற்றின் அழுத்தம் ஒரு நிறுத்தற் கடிகாரத்தை ஓட வைக்கும். இரண்டாவது குழாயை மிதித்ததும் அது நின்றுவிடும். தூரமும் தெரியும், நேரமும் தெரியும். வேகம் தானே வந்துவிடும். பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடிய கணக்கு. அதனைக் கொண்டு தமது வளைவோட்டத்தைத் திருத்தி, முன்னரிலும் விரைவாக ஓட முயன்றார்.

இக்கருவி பொலிசாருக்கு எவ்வளவு பெறுமதியுடையது என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்துகொண்டார். 1958 இல் கட்சோமீற்றர் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒல்லாந்துப் பொலிசார் அதன் முதல் வாடிக்கையாளர்களாயினர். பின்னர் கடிகாரத்தோடு புகைப்படக் கருவியும் ஒளிவீச்சு விளக்கும் சேர்க்கப்பட்டன. சாரதி நான் ஓடவில்லை என்று மறுத்தால் காட்டுவதற்கு ஒரு படம் கிடைத்தது. 1971 இல் ராடர் வந்து குழாய்களின் இடத்தைப் பிடித்தது. ஓட்டவீரரின் விளையாட்டுக் கருவி இவ்வாறு அரசாங்கத்தின் கண்ணாயிற்று.

பிரித்தானியாவில் உள்ள எம்மவர் நன்கறிந்த பெட்டி இதன் வழிவந்ததே. 1991 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் தானியங்கிக் கமராவின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்க வழிசெய்தது. அடுத்த ஆண்டு, 1992 இல், மேற்கு இலண்டனில் ருவிக்கன்ஹாம் பாலத்தருகே முதலாவது கட்சோ நிறுத்தப்பட்டது. கடந்துசெல்லும் வாகனத்தின் பின்புறத்தை அது படமெடுக்கும். ஒளிவீச்சு சாரதியின் கண்ணைக் கூசச் செய்யலாகாது என்பதே காரணம். அரை விநாடி இடைவெளியில் இரண்டு படங்கள். தரையில் ஏறக்குறைய ஒன்றரை மீற்றருக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகள். மணிக்கு 48 கிலோமீற்றர், அதாவது 30 மைல் வேகத்தில் செல்லும் கார் அரை விநாடியில் நான்கு இடைவெளிக்குச் சற்று மேலாகவே கடக்கும். ஆறு இடைவெளியைக் கடந்திருந்தால் அது 40 மைல் வேகத்தில் ஓடியிருக்கிறது. ராடர் பிழை செய்தது என்று வாதிடுவோருக்கு விடை அந்தக் கோடுகளில் உள்ளது. குழாய் போய்க் கோடு வந்ததேயன்றிக் கட்சோனிடிஸின் பழைய கணக்கு மாறவில்லை.

பத்து மைல் வேறுபாடு அற்பமானதன்றோ என்று கேட்போர் உளர். அற்பமன்று. 30 மைலில் ஓடும் கார், சாரதி ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து முற்றாக நிற்பதற்கு 23 மீற்றர் தேவை என்று பிரித்தானிய வீதி ஒழுங்குநூல் கணக்கிடுகின்றது. 40 மைலில் 36 மீற்றர். பாடசாலைப் பிள்ளையொன்று 25 மீற்றருக்கு முன்னால் வீதியில் இறங்கினால், முதலாவது கார் பிள்ளையின் முன்னே நின்றுவிடும். இரண்டாவது கார் இன்னும் பெரும் வேகத்தோடு பிள்ளையை மோதும். தண்டக் கடிதத்தை வெறுக்கும் நாமே, எமது பிள்ளைகளை நடந்து பள்ளிக்கு அனுப்பும் பெற்றோராகவும் இருக்கின்றோம்.

இனிக் கமராவின் எதிரிகள் கூறுவதைப் பார்ப்போம். அவர்கள் கூறுவது வெறும் பிதற்றல் அன்று. பெட்டியைக் கண்டதும் சாரதி திடீரெனத் தடுப்பை மிதிக்கிறார். பின்னால் வருபவர் தடுமாறுகிறார். பெட்டியைத் தாண்டியதும் இழந்த நேரத்தை மீட்பவர்போல் முன்னரிலும் விரைகிறார். கங்காருவின் பாய்ச்சல் என்று இதனை ஆய்வாளர்கள் பெயரிட்டுள்ளனர். கண்கள் வீதியை விட்டு வேகமானிக்குப் போகின்றன என்பது இன்னொரு குறை. இவையெல்லாம் நடப்பவையே. நாமும் நாள்தோறும் காண்கின்றோம்.

ஆனால் எவ்வளவு நடக்கிறது, அதனால் எத்தனை பேர் இறக்கின்றனர் என்பதே கேள்வி. உலகின் பல பாகங்களிலும் செய்யப்பட்ட 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பீடு 2010 இல் வெளிவந்தது. கமராக்களின் அயலில் மரணமும் கடுங்காயமும் விளைத்த விபத்துகள் நூற்றுக்கு 11 முதல் 44 வரை குறைந்தமையை அது எடுத்துக்காட்டியது. அவ்வாய்வுகள் பலவற்றின் தரம் நடுத்தரமானதே என்றும் அது ஒளிக்காமல் கூறியது. 2017 இல் இலண்டன் பொருளியற் கல்லூரியின் ஆய்வொன்று பிரித்தானியக் கமராக்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கியது. பெட்டியிலிருந்து 500 மீற்றருக்குள் விபத்துகள் நூற்றுக்கு 17 முதல் 39 வரை குறைந்திருந்தன. மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. ஆனால் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் அப்பயன் மறைந்து, விபத்துகள் மீண்டும் தலைதூக்கும் சாயல் தெரிந்தது. கங்காரு கட்டுக்கதையன்று என்பதும், அது காப்பாற்றப்பட்ட உயிர்களை விழுங்கிவிடும் அளவுக்குப் பெரிதன்று என்பதும் எமக்கு இதிலிருந்து தெரிகின்றன.

புள்ளிவிபரத்தில் ஒரு பொறியும் உண்டு. பிரித்தானிய அரசின் நான்காண்டு மதிப்பீடு 2005 இல் வெளியானபோது, கமரா வைத்த இடங்களில் இறந்தோரும் கடுங்காயமுற்றோரும் நூற்றுக்கு 42 குறைந்தனர் என்று பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. ஆனால் எங்கே கமரா வைத்தனர்? அண்மையில் பல கடும் விபத்துகள் நடந்த இடங்களிலேயே. ஒரு சந்தியில் தற்செயலாக ஓராண்டு நான்கு விபத்துகள் நேர்ந்தால், அடுத்த ஆண்டு எதுவும் செய்யாமல் விட்டாலும் அவை குறையவே வாய்ப்பு அதிகம். மழை ஓயும் வேளையில் மந்திரம் சொன்னவன் மழையை நிறுத்தியவன் ஆகிவிடுவான். அம்மதிப்பீட்டின் பின்னிணைப்பே இதனை ஒப்புக்கொண்டு, பயனின் பெரும் பங்கு இவ்வாறு வந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. எஞ்சியது சிறிய தொகை. ஆயினும் அது பூச்சியமன்று. மிகைப்படுத்திக் கூறியவர்கள் கமராவுக்கு நன்மை செய்யவில்லை என்பது எமது எண்ணம்.

பணத்தின் கதை இதனினும் கசப்பானது. 2000 முதல் 2007 வரை பிரித்தானியாவில் தண்டப்பணத்திலிருந்தே கமராச் செலவை மீட்டுக்கொள்ளும் திட்டம் இருந்தது. அரசு வேகத்தைத் தடுக்கவில்லை, வேகத்தில் வரி அறவிடுகிறது என்ற சந்தேகம் மக்கள் மனதில் வேரூன்ற இதுவே போதுமாயிருந்தது. பெட்டிகளை ஒளித்துவைக்கலாகாது, மஞ்சள் நிறம் பூசவேண்டும் என்று 2001 இன் இறுதியில் அரசு பணித்ததும் இச்சந்தேகத்தை ஆற்றவே. 2010 இல் பணமில்லை என்று ஒக்ஸ்போட்சயரில் கமராக்களை அணைத்தனர். வேகமீறல் பெருகவே, 2011 ஏப்பிரலில் மீண்டும் ஏற்றினர்.

பிரான்சில் 2003 ஒக்ரோபரில் தானியங்கி ராடர்கள் வந்தன. 2002 இல் அந்நாட்டு வீதிகளில் மாண்டவர் 7,000 பேருக்கு மேல். 2013 இல் 3,268 பேர். எல்லாம் ராடரின் புண்ணியம் என்று சொல்வதற்கில்லை. கார்களும் திருந்தின, குடிபோதைச் சட்டமும் இறுகியது. ஆயினும் 2018 இல் நாட்டுப்புற வீதிகளின் வேகத்தை 80 கிலோமீற்றராகக் குறைத்தபின் மஞ்சள் மேலங்கிக்காரரின் கிளர்ச்சி மூண்டபோது, ராடர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 சேதப்படுத்தப்பட்டன அல்லது அழிக்கப்பட்டன. கனடாவில் ஒன்ராறியோ மாகாணம் 1994 இல் ராடர்க் கமராவைக் கொண்டுவந்து 1995 இல் கைவிட்டது. பின்னர் பாடசாலை வலயங்களுக்கென மீண்டும் கொண்டுவந்தது. ரொறன்ரோவில் அவ்வலயங்களில் வேகமீறுவோரின் பங்கு நூற்றுக்கு 45 குறைந்தது என்று 2025 யூலையில் ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் டக் போர்ட்டின் அரசு, இது பணம் பறிக்கும் வேலை என்று கூறி, கமராக்களை மாகாணம் முழுவதும் தடைசெய்தது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் எம் உறவுகளுக்கு இது தூரத்துச் செய்தியன்று.

ஒரு புள்ளியில் வேகத்தை அளந்தால், மனிதன் அந்தப் புள்ளியில் மட்டுமே கீழ்ப்படிவான். இக்குறைக்கு மருந்து ஒல்லாந்திலேயே தோன்றியது. 1997 இல் அங்கு வீதித்துண்டு ஒன்றின் தொடக்கத்திலும் முடிவிலும் கமரா வைத்து, இடையிலான தூரத்தை எடுத்த நேரத்தால் வகுத்துச் சராசரி வேகத்தைக் காணும் முறை கைக்கொள்ளப்பட்டது. இங்கே கங்காருவுக்குப் பாய இடமில்லை. பெட்டியருகே தடுப்பை மிதித்துப் பயனில்லை; தாண்டியபின் விரைந்தாலும் அகப்படுவர். பிரித்தானியாவில் இம்முறை அமைந்த வீதிகளில் மரணமும் கடுங்காயமும் விளைத்த விபத்துகள் நூற்றுக்கு 36 குறைந்தன என்று 2016 ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. புள்ளிவிபரப் பொறியைக் கழித்த பின் வந்த எண் அது. சீரான சராசரி வேகத்தைக் காப்பதே அங்கு சாரதியின் வேலை. 1953 இல் கொல் து புறோஸ் மலையில் கட்சோனிடிஸ் செய்ததும் வேறொன்றன்று.

முதுமையிலும் அவர் வேகத்தை விடவில்லை. தமது நிறுவனத்தின் கமராக்களிலேயே தாம் பலமுறை அகப்பட்டதையும், தண்டக் கடிதங்கள் தமது வீட்டு வாசலுக்கு வந்ததையும் அவர் மறைக்காது சொல்லிச் சிரிப்பார். இதனைக் கேலியாக எடுத்துக்கொள்வோர் பலர். எமக்கோ இதில் வேறொன்று தெரிகின்றது. வளைவுகளை விநாடிக் கணக்கில் அளந்த, உலகப் போட்டியை வென்ற ஒரு கைதேர்ந்த சாரதிக்கே, சாதாரண வீதியில் தாம் எவ்வளவு விரைவாக ஓடுகிறோம் என்பது தெரியாமற் போயிற்று. அல்லது தெரிந்தும் காலை எடுக்க முடியாமற் போயிற்று. இரவு வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தில் வீடு திரும்பும் ஒருவர் தம் உணர்வை நம்பி ஓடுவது எத்தகையது என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

1998 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள், ஹார்லெம் நகருக்கு அருகிலுள்ள ஹேம்ஸ்டேட என்னும் ஊரில், தமது 87 ஆவது வயதில் மவுஸ் கட்சோனிடிஸ் காலமானார். அப்போதும் பிரித்தானிய வீதிகளில் நின்ற பெட்டிகள் பல வெறுமையாகவே இருந்தன. ஒரு கமராவைப் பல பெட்டிகளுக்கு மாற்றி மாற்றி வைத்தனர். படச்சுருள் தீர்ந்தால் ஒளி வீசாது. எந்தப் பெட்டியில் கண் இருக்கிறது என்று தெரியாதபடியால் சாரதிகள் எல்லாப் பெட்டிக்கும் அஞ்சினர். பின்னர் படச்சுருளின் இடத்தை எண்மக் கமரா பிடித்தது. அவருக்குப் பின் குடும்பத்தவர் நடத்திய நிறுவனம் 2015 இல் சென்சிஸ் என்னும் சுவீடிய நிறுவனத்துடன் இணைந்தது. அவர் செய்த கார்களுக்கு நிலைக்காத கட்சோ என்ற பெயர் அந்நிறுவனத்தின் பெயரில் இன்றும் இருக்கின்றது.